பல்லாவரம் கல்லில் வைரம்

எழுத உட்காரவே கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நிலவியல் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தேன் என்றாலும், நான் இருந்தது வகுப்பறையில் இல்லை, கல் அறுக்கும் அறையில். கற்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் யாராவது இதைப் படித்துப் பிழை கண்டால் என் அறியாமை என்று எடுத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோள்பட்டை வலியால் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, ஸ்லைடு அட்டையில 'துணி'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதணும்? வேற எந்தக் காலேஜ்லயும் இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல." புதுசா பழசா என்று எழுதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று தோன்றியது. அதனால்தான் நம் ஆய்வகப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அடையாறு பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியில் என் அப்பா அட்டெண்டராக இருந்து, பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. சாந்தோமிலிருந்து பேருந்தில் போய் வருவேன். முதல் ஆறு மாதம் கண்ணாடித் தகடு கழுவினேன், பொடி சலித்தேன், முனுசாமி அண்ணன் திட்டியதைக் கேட்டுக்கொண்டேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். அண்ணன் நொச்சிக்குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கல்லுக்கு வந்தவர். அறுக்கும் இயந்திரம் அவருடையது. தேய்ப்பதும் மெருகு போடுவதும் என்னுடையது.

நம் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கிக் கொடுக்க வேண்டும். முதலில் தீப்பெட்டி அளவு வில்லையாக அறுக்கிறோம். ஒரு முகத்தைக் கார்போரண்டம் என்கிற கெட்டிப் பொடியில் தேய்த்துச் சமப்படுத்திக் கண்ணாடியில் ஒட்டுகிறோம், அதுதான் ஸ்லைடு. பிறகு மறு முகத்தைத் தேய்க்கத் தொடங்குகிறோம். மில்லிமீட்டரை முப்பத்துமூன்றாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு கனம்தான் கடைசியில் மிஞ்ச வேண்டும். அளவுகோல் எதுவும் உதவாது. நுண்நோக்கியில் வைத்து, உள்ளே ஒரு தகட்டைக் குறுக்காகத் தள்ளிப் பார்க்க வேண்டும். கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனம். வெளிர் சாம்பலாக வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கை பத்து தடவை சுற்றினால் கல்லே இருக்காது, வெறும் கண்ணாடிதான் இருக்கும். அப்படி எத்தனையோ கற்களைச் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

பெரிய கருவிகளில் வைத்துப் பார்ப்பதென்றால் கடைசியில் மெருகு வேண்டும். சுழலும் தட்டில் ஒரு துணியை ஒட்டி, அதில் வைரப் பசையைத் தடவி மெருகு ஏற்றுவோம். வைரப் பசை என்பது மாவை விட நுண்ணிய வைரத்தூள். அது கூடாது என்றால் அலுமினா என்கிற வெள்ளைப் பொடி.

எங்கள் பேராசிரியர் வைத்தியநாதன் மயிலாப்பூர்க்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நுண்நோக்கி முன் உட்காரும்போது முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். மணி பார்த்துக்கொண்டு கல்லைப் பார்க்கக் கூடாதாம். மாணவர்கள் புதிதாக எதையாவது கண்டுபிடித்து ஓடிவந்தால், முழுக்கப் பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொல்வார்: "சரி. நாளைக்கும் இப்படியே இருந்தா சந்தோஷப்படலாம்." மறுநாள் காலை தானே வந்து முதலிலிருந்து பார்ப்பார். பாதி விஷயங்கள் மறுநாள் இருக்காது. தூசியாக இருக்கும், பசையில் மாட்டிய காற்றுக் குமிழாக இருக்கும். அந்த மறுநாளுக்கு மாணவர்கள் பயப்படுவார்கள். என் ஸ்லைடு என்றால் நானும் பயப்படுவேன்.

கவிதா அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண். மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் வருவாள். லடாக்கில் இரண்டு கோடைக்காலம் அலைந்து, மூட்டை மூட்டையாகக் கல் கொண்டுவந்தாள். அவற்றில் ஒரு கல் மட்டும் தனி. பச்சையும் கருப்புமான கல்லில் மாதுளை முத்துபோல் சிவப்பு மணிகள் பதிந்திருக்கும். அந்த மணிக்குக் கார்னெட் என்று பெயர். இரண்டு கைக்குள் அடங்குகிற துண்டுதான். அதை யாரிடமும் கொடுக்க மாட்டாள், துப்பட்டாவில் சுற்றி வைத்திருப்பாள்.

"இன்னாமா, கொழந்த தூங்குதா?" என்று முனுசாமி அண்ணன் கிண்டல் செய்வார்.

"சிரிக்காதீங்கண்ணா. இது நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயிட்டு வந்த கல்லு."

"பூமிக்கு உள்ளயா? ஆரு தள்ளிவுட்டது?"

அவள் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னாள். இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே வந்ததாம். அதன் முன்பகுதி கடல்தரை. அது கனமான பாறை, ஆசியாவுக்கு அடியில் தானாகவே புதைந்து போனது. அதோடு ஒட்டிக்கொண்டிருந்த நம் நிலத்தின் விளிம்பையும் கீழே இழுத்துப்போனது. நிலத்துப் பாறை எடை குறைந்தது, அதற்குக் கீழே இடமில்லை. ஆனாலும் இழுபட்டுப் போயிற்று.

"போனது புரியுதும்மா," என்றேன் நான். "திரும்பி எப்படி வந்தது?"

"அதுதான்க்கா என் தீசிஸே."

முனுசாமி அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "இதுல இன்னா கீது? எங்க வலையில மெதவ கட்டுவோம். அடியில குண்டு கனம் ஜாஸ்தியா பூட்டா, மெதவயயும் சேத்து இழுத்துக்கினு போய்டும். கயிறு அறுந்துச்சுன்னு வையி, குண்டு அங்கியே நிக்கும், மெதவ சர்ருனு மேல வந்துரும்."

கவிதா அவரையே பார்த்தாள். "அண்ணா, இதேதான். கடல்தரை அறுந்து கீழ போயிடும், நிலம் மேல வரும். இதச் சொல்ல நான் நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

"நாப்பது பக்கமா? எனக்கு டாக்டர் பட்டம் குடுத்துடச் சொல்லு."

ஆனால் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பதில்தான் சண்டையாம். அதற்குச் சாட்சி கார்னெட்டுக்குள் இருக்கும். அந்த ஆழத்து அழுத்தத்தில் சாதாரண குவார்ட்ஸ் நெருங்கி இறுகி, கோசைட் என்ற வேறு பொருளாகிவிடும். மெதுவாக மேலே வந்தால் வழியிலேயே பழையபடி குவார்ட்ஸ் ஆகிவிடும், சாட்சி போய்விடும். கார்னெட் இறுக்கமான டப்பா மாதிரி. அதற்குள் மாட்டிய கோசைட் மட்டும், சீக்கிரம் மேலே வந்திருந்தால், கொஞ்சம் மிஞ்சும். இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தால் கரி வைரமாகியிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் வைரம் கிடைத்தால், நிலத்துப் பாறை எல்லோரும் நினைத்ததைவிட ஆழத்திலிருந்து மீண்டு வந்திருக்கிறது என்று ஆகும். அதை எதிர்பார்த்துத்தான் அவள் இரண்டு கோடை அலைந்தாள்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஸ்டெல்லா, இந்தக் கல்லுக்கு வைரப் பசை கூடாது. வெறும் அலுமினாதான். புரிஞ்சுதோன்னோ?" எனக்குப் புரிந்தது. வைரத்தைத் தேடுகிற கல்லில் நாமே வைரத்தைத் தேய்க்கக் கூடாது.

அந்த வாரம் மெருகுத் துணி தீர்ந்திருந்தது. கேட்டு எழுதிய துணி வரவில்லை. கவிதாவின் கல்லைப் பார்க்க வேண்டிய கருவி இருந்தது கிண்டிப் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தில். லேசர் ஒளியைப் பாய்ச்சி, புள்ளி அளவு துகள் எதனால் ஆனது என்று சொல்லும் கருவி அது. அதில் கவிதாவுக்கு வியாழக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள், விட்டால் மூன்று மாதம் ஆகும். எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. துணியைத் தூக்கிப்போட மாட்டோம். சோப்புப் போட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்தித் திரும்ப ஒட்டுவோம். துணி எப்போதும் தட்டுப்பாடு என்பதால் முனுசாமி அண்ணன் காலத்தில் வந்த வழக்கம். நான் ஒரு துணியை மூன்று தடவை துவைத்தேன். பளிச்சென்று இருந்தது. புது அலுமினாப் பொடியைக் கரைத்து மெருகு போட்டேன். சொன்னபடி செய்ததாகத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை கவிதா தொலைபேசியில் சந்தோஷத்தில் அழுதாள். வைரம். மூன்று புள்ளிகள். கார்னெட்டுக்குள்.

பேராசிரியர் உடனே என்னிடம் கேட்டார்: "அலுமினாதானே போட்டேள்?"

"ஆமா சார்."

"சரி. நாளைக்குப் பாப்போம்."

வைரம் என்றதும் அங்கே இடையில் நேரம் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை அவரே கிண்டிக்குப் போய்ப் பார்த்தார். வைரம் அங்கேயே இருந்தது. திரும்பி வந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "சந்தோஷப்படலாம்" என்றார். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஏழெட்டு தடவைகூடக் கேட்டதில்லை. கவிதா துறை முழுவதற்கும் ஜாங்கிரி கொடுத்தாள். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் புதன்கிழமைக்குள் ஆய்வின் சுருக்கம் அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் மேற்கொண்டு வேலை கிடைக்கும் என்று சொன்னாள். அவளுடைய உதவித்தொகை இன்னும் சில மாதங்களில் முடிவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போவதற்கு முன் இட்லித் துணியை அலசிக்கொண்டிருந்தேன். பிழிந்து வெளிச்சத்தில் விரித்தேன். வெள்ளையாக இருந்தது. விரலால் தடவினால் நெசவுக்குள் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. என்றைக்கோ ஊற்றிய மாவு. நகத்தால் கீறினால்தான் வந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இட்லி மாவே போகவில்லை என்றால், அதைவிட ஆயிரம் மடங்கு நுண்ணிய வைரத்தூள் மூன்று துவைப்பில் போயிருக்குமா? அதே துணியில் அதற்கு முன் ஒரு மாதம் வைரப் பசைதான் போட்டிருந்தேன்.

பூசையில் சாமியார் பேசியது ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. ஒருவேளை வைரம் கல்லில் இருந்ததாகவே இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பேராசிரியர் கேட்டது பொடியை, அதற்கு நான் பொய் சொல்லவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். கவிதாவின் எண் கையில் இருந்தது. அன்று கூப்பிடவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை முனுசாமி அண்ணனிடம் சொன்னேன். 

"வுடு ஸ்டெல்லா. தொவச்ச துணிதான? கல்லுல கீதோ துணில கீதோ, கடவுளுக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தியா? இத்தினி நாளு இப்டி சிரிச்சுதா அது?"

"பாத்தேன்ணா. அதான்."

"இன்னா அதான்?"

"நாளைக்கு வேற யாராவது அதே பள்ளத்தாக்குல தேடுவாங்க. கிடைக்காது. அப்ப இவளப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. என்னையா சொல்லுவாங்க?"

எனக்கு நேரில் பேசத் தைரியமில்லை. பேராசிரியர் அறைக்குப் போய் நின்றால் வாய் திறக்காது என்று எனக்கே தெரியும். எந்தப் பொடியில் செய்தோம் என்று குறித்துவைக்கும் அந்த ஸ்லைடின் அட்டையை எடுத்து, அடியில் எழுதினேன்: 'மெருகு போட்டது பழைய துணியில். முன்பு வைரப் பசைக்குப் பயன்படுத்தியது. துவைத்தது. ஸ்டெல்லா.' முனுசாமி அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "அந்தத் தொவைக்கிற வழக்கம் நான் குடுத்தது. எம்பேரயும் எய்து" என்றார். எழுதினேன். பேராசிரியர் சாப்பிடப் போயிருந்தபோது அவருடைய நுண்நோக்கி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அரை மணியில் அவரே எங்கள் அறைக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் அடிக்கடி வருபவர் இல்லை. அட்டை கையில் இருந்தது. எங்களுக்கு நடுவே இருந்த மேசையில் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார்.

"அந்தத் துணி இருக்கா?"

"இருக்கு சார்."

"வைரம் இருக்கவே வழியில்லாத கல்லு ஒண்ணு வேணும்."

முனுசாமி அண்ணன் பின்பக்கம் போனார். மாணவர்களுக்குப் பழகக் கொடுக்கும் பல்லாவரம் கல் அங்கே குவியலாகக் கிடக்கும். சென்னையில் பாதி வீட்டுக்கு அஸ்திவாரம் அதுதான். அதில் ஒரு துண்டை எடுத்துவந்து இயந்திரத்தில் பூட்டினார். நான் தேய்த்தேன். அதே துணி, அதே அலுமினா, அதே நேரம். பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இட்லித் துணியைப் பிழிந்தபோதுதான் தோன்றியது என்று சொன்னேன். ஒருமுறை மட்டும், "ஆத்துல துணி தோய்க்கறச்சே இதெல்லாம் யாருக்குத் தோணும்?" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பேராசிரியர் மறுபடி நேரம் கேட்டு வாங்க, செவ்வாய்க்கிழமை நாங்கள் நால்வரும் கிண்டிக்குப் போனோம். கவிதாவிடம் அவரே சொல்லியிருந்தார். வண்டியில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கருவியில் பல்லாவரம் கல்லை வைத்தார்கள். திரையில் கோடு ஓடியது. துணியிலிருந்து வரும் தூள் கல்லின் விரிசலில்தான் போய் மாட்டும். முதல் விரிசலில் ஒன்றுமில்லை. இரண்டாவது விரிசலில் கோடு ஒரே இடத்தில் ஊசிபோல் எழும்பியது. வியாழக்கிழமை எழும்பிய அதே இடம்.

பல்லாவரம் கல்லில் வைரம்.

 பேராசிரியர்தான் சொன்னார்: "நான் பொடியைக் கேட்டேன், துணியைக் கேக்கலை. துணியிலேர்ந்து வந்தது மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். அது எனக்குத் தோணியிருக்கணும். தப்பு ரெண்டு பேரோடது."

"மூணு பேரு சார்," என்றார் முனுசாமி அண்ணன்.

வெளியே படிக்கட்டில் கவிதா என்னிடம் வந்தாள். "ஏன்க்கா வெள்ளிக்கிழமையே சொல்லல?"

"வெள்ளிக்கிழமை எனக்கே தெரியாதும்மா."

"ஞாயித்துக்கிழமை தெரியும்ல? ஞாயித்துக்கிழமைதான் எங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாரு."

  புதன்கிழமை அவள் சுருக்கம் அனுப்பவில்லை.

மூன்று வாரம் அவள் எங்கள் அறைப்பக்கம் வரவில்லை. நடைவழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த மூன்று வாரமும் யாரும் எனக்கு மெமோ கொடுக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. பேராசிரியர் ஸ்லைடு அட்டையை மட்டும் திரும்ப அச்சடிக்கச் சொன்னார். பொடி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் துணி என்று இன்னொரு கட்டம்.

நான்காவது வாரம் கவிதா வந்து என் மேசையில் கட்டைவிரல் அளவு துண்டு ஒன்றை வைத்தாள். "மத்ததெல்லாம் முன்னாடியே பொடிச்சு வேற சோதனைக்குக் குடுத்துட்டேன். இதுதான் மிச்சம். ஒரே ஒரு கார்னெட்தான் நல்லா இருக்கு."

"வேற யார்கிட்டயாவது குடுக்கலாமேம்மா?"

"யார் துணியில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க துணியில என்ன இருக்குன்னு தெரியும்ல," என்றாள். சிரிக்கவில்லை.

புதுத் துணி அப்போதும் வரவில்லை. மெருகு குறைந்தாலும் பரவாயில்லை, துணியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். புதிய கண்ணாடித் தகடு, பிரிக்காத கார்போரண்டம் டப்பா, வீட்டிலிருந்து கொண்டுபோன கிண்ணம். முனுசாமி அண்ணன் புது அலகு மாட்டிப் பல்லாவரம் கல்லில் இரண்டு தடவை ஓட்டிவிட்டுத்தான் அவள் கல்லை அறுத்தார். அலகின் விளிம்பிலும் வைரத்தூள் பதித்திருப்பார்கள், அதனால் அறுத்த முகத்தைக் கைகொண்டு ஆழமாகத் தேய்த்து நீக்கினேன். பிறகு எட்டு வடிவில் கையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கார்னெட் கெட்டி, சுற்றியிருப்பது மிருது. கடைசி நேரத்தில் கார்னெட் பெயர்ந்து விழுந்துவிடும். அப்படி விழுந்தால் அவளிடம் இன்னொரு கல் இல்லை. நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு நாலைந்து சுற்றுக்கும் கழுவிப் பார்த்தேன். குவார்ட்ஸ் மஞ்சளிலிருந்து வெளுத்து, சாம்பலாக ஆரம்பித்தது. கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். என் வேலைக்காலத்தில் தெரிந்தே கனமாக விட்ட ஒரே ஸ்லைடு அதுதான்.

பேராசிரியர் இன்னொரு தடவை நேரம் வாங்கித் தந்தார், கிண்டியில் வைத்துப் பார்த்தார்கள். வைரம் இல்லை. விரிசல் ஒவ்வொன்றாகப் போனார்கள். எதிலும் இல்லை. கவிதா எழுந்துவிட்டாள். பேராசிரியர், "உக்காருங்கோ, இன்னும் அடியில பாக்கலை" என்றார். கார்னெட்டின் மேற்பரப்பில் இல்லாமல், அதன் வயிற்றுக்குள், துணியோ பொடியோ எட்டாத ஆழத்தில் ஒரு சிறு மணி இருந்தது. அதைச் சுற்றிக் கார்னெட் நட்சத்திரம்போல் வெடித்திருந்தது. மேலே வந்தபோது உள்ளே இருந்தது பருத்து, டப்பாவையே கீறியிருக்கிறது. ஓரமெல்லாம் குவார்ட்ஸாக மாறிவிட்டிருந்தது. நடுவில் ஒரு துளி மட்டும் மாறவில்லை. லேசரை அதில் நிறுத்தினார்கள். கோசைட்.

அவள் தேடிய ஆழம் அது இல்லை. அந்தப் பகுதியில் மற்றவர்கள் முன்பே கண்டதுதான். தீசிஸில் அது ஒரு சின்ன அத்தியாயமாகத்தான் வந்தது, வெளிநாட்டு வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் அன்று திரையைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, "இது கல்லோடதுக்கா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். முனுசாமி அண்ணன் மூக்கைச் சிந்தினார்.

"சரி," என்றார் பேராசிரியர். "நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் காலை அவர் போய்ப் பார்த்தார். இருந்தது. பதினொரு மணிக்குப் புது மெருகுத் துணி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் வைத்தேன்.